மீன் தொட்டிப் பம்பைக் கழுவும் முன்...

உங்கள் நன்னீர் மீன் தொட்டியில் பம்பின் வேகம் குறைந்துவிட்டதா? அதன் வாயிலுள்ள பஞ்சில் அழுக்கு அடைத்திருக்கலாம். உடனே அதைக் குழாயடியில் பளிச்செனக் கழுவிவிடாதீர்கள்!

மீன்கள் வெளியிடும் அம்மோனியா ஒரு நஞ்சு. பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குழாய் நீரில் கலந்துள்ள குளோரின் இந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். பிறகு, தெளிந்த நீரிலேயே மீன்கள் மடியக்கூடும்.

ஆகவே, முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். தொட்டி நீரையே வாளியில் எடுத்து, பஞ்சை அதில் மெல்லப் பிழியுங்கள். பம்பினுள்ளே காந்தத்தோடு இணைந்த சிறு விசிறி இருக்கும். அதில் படிந்த வழவழப்பைப் பழைய பல் துலக்கும் பிரஷால் நீக்குங்கள். சோப்பு வேண்டாம்.

வாளியில் மிஞ்சிய கலங்கல் நீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள். நைட்ரேட் அவற்றுக்கு நல்ல உரம்!