பதினேழு வயதை நம்பிப் பிழைத்த ஊர்கள்

விடலைப் பருவம் – தொடர் 14

2007க்குப் பிறகு ஒரு பத்து வருடம், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் நாமக்கல் வட்டாரத்தில் லாட்ஜ் அறை கிடைப்பதே கஷ்டம். ராமநாதபுரம், விழுப்புரம், திருவண்ணாமலை என்று எங்கெங்கிருந்தோ வந்த பெற்றோர் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பள்ளிக்கூட வாசல்களில் விடிவதற்கு முன்பே நிற்பார்கள். கையில் மார்க் ஷீட் ஜெராக்ஸ், பையில் நகை அடகு வைத்த பணம், பக்கத்தில் பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ. என்ன குரூப், எவ்வளவு ஃபீஸ், போன வருடம் எத்தனை சென்டம் என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். உனக்கு இங்கே தங்கிப் படிக்கச் சம்மதமா என்று மட்டும் அந்தப் பிள்ளையை யாரும் கேட்க மாட்டார்கள்.

சேலத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரியில் தனி மாவட்டமானது நாமக்கல். சோளமும் நிலக்கடலையும் விளையும் மானாவாரி மண். மழையை நம்ப முடியாதவர்கள் லாரி, ரிக், கோழிப்பண்ணை என்று வேறு வழிகளைக் கண்டுபிடித்தார்கள். நாலு பேர் பங்கு போட்டு லாரி வாங்குவதும், இன்னும் சில பேரைச் சேர்த்துக்கொண்டு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வாங்குவதும் இங்கே சாதாரணம். பல தனியார் பள்ளிகளும் அப்படிப் பங்கு போட்டு எழும்பியவைதான். உழைப்புக்கும் துணிச்சலுக்கும் இந்த மக்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் லாரியில் போட்ட முதலை டயர் தேயத் தேய எடுப்பார்கள். பள்ளியில் போட்ட முதலை எதைத் தேய்த்து எடுப்பது?

மருத்துவம், பொறியியல் சேர்க்கைக்கு 1984 முதல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நகரத்துக் கோச்சிங் எட்டாது என்ற நியாயமான காரணத்தால் 2007இல் அதை ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகு பிளஸ் டூ மார்க் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில் அரை மார்க் குறைந்தால் டாக்டர் சீட் கையை விட்டுப் போகும். அந்த அரை மார்க்கை வாங்கித் தருகிறோம் என்று சொன்ன இடங்களுக்குத் தமிழ்நாடே படையெடுத்தது.

வழி ரொம்ப எளிது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தினார்கள். விடிகாலை எழுப்பி ஸ்டடி, பகலெல்லாம் வகுப்பு, சாயங்காலம் டெஸ்ட், இரவு மறுபடி ஸ்டடி. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைக் கமா, புள்ளி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். கோழிக்குப் பேர் போன ஊராதலால் ‘பிராய்லர் பள்ளி’ என்ற பட்டப்பெயர் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது. பத்திரிகைகள் எழுதின, பட்டிமன்றங்களில் கைதட்டல் விழுந்தது. ஏச்சு பள்ளி முதலாளிகளுக்கு விழுந்தது போலத் தெரிந்தாலும், நேர்முகத் தேர்வுகளிலும் கல்லூரி வகுப்பறைகளிலும் ‘நாமக்கல் புராடக்டா?’ என்று கேட்கப்பட்டது அங்கே படித்த பிள்ளைகளிடம்தான். அவர்கள் அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவே இல்லை.

அப்படிப்பட்ட ஒரு விடுதியில் பெற்றோர் வரும் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. வேப்பமரத்தடியில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். தூக்குப்போசியில் கோழிக் குழம்பு, சம்படத்தில் முறுக்கு. அப்பா ரேங்க் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு எதுவும் பேசாமல் இருப்பார். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, “நல்லாச் சாப்புடு கண்ணு” என்பார். அடுத்த உருண்டைக்கு முன்னால், “கெமிஸ்ட்ரில அந்த ரெண்டு மார்க் எங்க சாமி போச்சு?” பையன் தட்டைப் பார்த்தபடியே மெல்லுவான். அந்த அம்மாவின் பாசத்தில் எள்ளளவும் குறையில்லை. அந்தப் பாசத்துக்குப் பேசத் தெரிந்த ஒரே பாஷை மார்க்காகிப் போயிருந்தது.

அந்தப் பிள்ளைகளுக்குத் தனி உலகமே இல்லை என்று வெளியிலிருப்பவர்கள் நினைத்தார்கள். அது தவறு. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் விஜய், அஜித் சண்டை நடந்தது. வார்டனுக்கு வரும் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம் யார் கையிலாவது சிக்கி, மடித்து மடித்து அறை அறையாகச் சுற்றும். அப்படிப் படித்து இன்று பொறியாளராக இருக்கும் ஒருவர் தன்னுடைய ஸ்லாம் புக்கைக் காட்டினார். பிடித்த நிறம், பிடித்த நடிகர், லட்சியம் என்ற வழக்கமான கேள்விகள். லட்சியத்துக்கு நேரே எல்லாரும் டாக்டர், இன்ஜினியர் என்று எழுதியிருக்கிறார்கள். ‘மறக்க முடியாத நாள்’ என்ற கேள்விக்கு மூன்று பேர் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்: “கரண்ட் போன அன்னிக்கு நைட்”. 2012இல் தமிழகம் முழுக்க மின்வெட்டு வாட்டியது நினைவிருக்கும். ஒரு ராத்திரி விடுதி ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. ஸ்டடி நின்றுபோனது. இருட்டில் யாரோ ஒரு பாட்டை எடுத்துவிட, மொட்டை மாடி முழுக்கப் பாடியிருக்கிறது. வார்டனும் ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டு வருடத்தில் நினைவில் வைத்துக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு ராத்திரி.

மார்க்கோடு சேர்த்து இங்கே இன்னொன்றும் விற்கப்பட்டது. அதற்குப் பேர் கண்டிப்பு. பையனும் பெண்ணும் பேசக்கூடாது, பேருந்தில் தனித்தனி இருக்கை, படிக்கட்டுகூடத் தனித்தனி. இந்த வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் இதுவே விளம்பரமாக இருந்தது. பெற்றோரும் அதை விரும்பித்தான் காசு கட்டினார்கள். அவர்கள் பயந்தது படிப்பு கெடுவதற்கு மட்டுமா? சாதி விட்டுச் சாதி காதல் வந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி, திருச்செங்கோடு மலைமேல் அர்த்தநாரீசுவரர் கோயிலில் கல்லூரித் தோழி ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தார். அவர் பட்டியல் சாதி, அந்தப் பெண் கவுண்டர் சாதி. அங்கிருந்து கடத்தப்பட்டவரின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. இந்தக் கொலை வழக்கில் 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம், முதல் குற்றவாளியான யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அவர்கள் குற்றவாளிகள்தான் என்பதை உறுதி செய்தது. கொலை செய்தவர்கள் விவரம் தெரிந்த, வளர்ந்த ஆட்கள். ஆனால் அதற்குப் பிறகு ஊரில் புத்திமதி சொல்லப்பட்டது இளம் பெண்களுக்குத்தான், போன் பிடுங்கப்பட்டதும் அவர்களிடமிருந்துதான். இந்த அநியாயத்துக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை நாம்.

இதே சமவெளியில் விடுதி வாசலையே மிதிக்காத பதினேழு வயதும் உண்டு. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிப் பட்டறைகளில் அப்பா வாங்கிய முன்பணத்துக்குத் தறி ஓட்டுகிறவர்கள், நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர்கள், ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்துக்கும் ராஜஸ்தானுக்கும் போய்ப் பண்டிகைக்கு மட்டும் ஊர் திரும்புகிறவர்கள். முடியை ஒரு தினுசாக வெட்டிக்கொண்டு பைக்கில் வந்தால் ‘உருப்படாத பசங்க’ என்று டீக்கடைப் பெஞ்ச் தீர்ப்பு எழுதிவிடும். அவர்கள் அனுப்பும் பணத்தில் தங்கை காலேஜ் படிப்பது அந்தத் தீர்ப்பில் வராது.

இளைஞர்களை இப்படி மார்க்காகவும் பயமாகவும் பார்த்த ஊரில், அவர்களையே எழுதச் சொன்ன ஒருவரும் இருந்தார். திருச்செங்கோட்டுக்காரரான எழுத்தாளர் பெருமாள்முருகன் நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அங்கே வந்தவர்கள் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள். ‘கூடு’ என்ற பெயரில் தன் வீட்டு மொட்டை மாடியில் அவர் நடத்திய ஆய்வுச் சந்திப்பில் மாணவர்கள் வாசித்தார்கள், வாதாடினார்கள். அந்த வட்டத்திலிருந்து 2013இல் ‘சாதியும் நானும்’ என்ற தொகுப்பு வந்தது. 32 பேர், பெரும்பாலும் இளைஞர்கள், சாதி தங்கள் வாழ்க்கையில் எப்படி நுழைந்தது என்று சொந்தக் கையால் எழுதினார்கள். பின்னர் அம்பை அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இந்த வட்டாரத்தின் இளமையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு புத்தகம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ரேங்க் லிஸ்ட் பேனர்களில் இருந்த முகங்களைவிட இந்த 32 பேரும் நமக்கு அதிகம் சொல்கிறார்கள்.

அரசும் சும்மா இருந்துவிடவில்லை. 2017இல் செங்கோட்டையன் அமைச்சராகவும் உதயச்சந்திரன் செயலாளராகவும் இருந்தபோது ரேங்க் அறிவிப்பு ஒழிந்தது. 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. அதே 2017இல் நீட்டும் வந்து சேர, பிளஸ் டூ மனப்பாடத்துக்குக் கட்டிய விடுதிகளில் நீட் கோச்சிங் தொடங்கியது. மூன்றாம் முறை எழுதும் ‘ரிப்பீட்டர்’ பிள்ளைகள் அந்தக் கட்டில்களில் படுத்தார்கள். தென்கொரியத் தலைநகர் சியோலில் இரவு 10 மணிக்கு மேல் டியூஷன் மையங்கள் இயங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. நம் ஊர் விடுதிகளில் 17 வயதுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் என்று கேட்க ஒரு விதியும் இல்லை.

இப்போது, 2025-26 முதல், பிளஸ் ஒன் பொதுத்தேர்வை அரசு கைவிட்டிருக்கிறது. ஒரு தேர்வுச் சுமை குறைவது நல்லதுதான். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகப் பிளஸ் டூவுக்குத் தாவும் பழைய வழிக்கும் கதவு திறந்துவிட்டது. அப்படிப் படித்து வந்தவர்கள் பொறியியல் முதல் வருடக் கணக்கில் அடிப்படையே இல்லாமல் திணறியதை ஒரு முறை பார்த்தாகிவிட்டது. கல்வித் துறை அதிகாரிகள் விடுதிப் பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பிளஸ் ஒன் நோட்டுகளைத் திறந்து பார்க்க வேண்டும். வருகிற ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிளஸ் ஒன் பாடம் வருடம் முழுக்க நடக்குமா, இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள் என்று பள்ளியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன்பு, இங்கே தங்க உனக்குச் சம்மதமா என்று உங்கள் பிள்ளையிடமும் கேளுங்கள்.

(தொடரும்)