நோவை மறைக்கும் உயிர்: எமது வீட்டு முயல் தந்த பாடம்

பிள்ளைகள் செல்லப்பிராணி கேட்டு அடம்பிடிப்பது எம்மவர் வீடுகள் பலவற்றில் வழமையாகிவிட்டது. நாய்க்கு இடம் போதாது. பூனைக்கு வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிப்பதில்லை. ஈற்றில், 'முயலென்றால் சத்தமுமில்லை, செலவுமில்லை' என்று பெற்றோர் இணங்கிவிடுகின்றனர். கிழக்கு இலண்டனில் வாழும் நாமும் அவ்வாறு இணங்கியவர்களே. செலவில்லை என்பது தவறான கணிப்பு. சத்தமில்லை என்பது உண்மை. அந்தச் சத்தமின்மையே ஒரு கோடைகாலத்தில் எமது முயலின் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது. இதே தவறை இன்னொரு குடும்பம் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

பின்னங்கால்கள் இழுபட்ட நாள்

பிள்ளைகள் 'முத்து' என்று பெயரிட்ட அந்த வெள்ளை முயல் எம்மிடம் வந்து ஓராண்டு கழிந்திருந்தது. ஒருநாள் இளைய மகன் அதனை மார்போடு அணைத்துத் தூக்கினான். அது மிரண்டு, உதைத்து, துள்ளி நிலத்தில் வீழ்ந்தது. மீண்டும் நகர முயன்றபோது முன்னங்கால்கள் நடந்தன, பின்னங்கால்கள் இழுபட்டன.

முயலின் உடலமைப்பைப் பற்றி நாம் அறிந்துகொண்டது அதன் பின்னரேயாகும். பூனையின் எலும்புக்கூடு அதன் உடல் நிறையில் ஏறக்குறைய 13 சதவீதம். முயலுக்கோ ஏறக்குறைய 8 சதவீதம் மாத்திரமே. ஆனால் பின்னங்கால்களின் தசைகள் மிகவும் வலிமை வாய்ந்தவை. ஆகவே பின்பாகத்தைக் கையால் தாங்காமல் தூக்கினால், முயல் உதைக்கும் விசையிலேயே அதன் முள்ளந்தண்டு முறிந்துவிடக்கூடும். கீழே விழவேண்டும் என்பதுகூட இல்லை. எமது முயலுக்கு எலும்பு முறியவில்லை. உள்ளே முண்ணாண் நசிந்துவிட்டது என்று மிருக வைத்தியர் கூறினார். நோவுமருந்தும் பல வார ஓய்வும் கொடுத்த பின்னர் கால்களில் சற்று உணர்ச்சி திரும்பியது. நடை திரும்பவில்லை.

"நான்தானே விழுத்தினது" என்று சொல்லிக்கொண்டு மகன் பல நாட்கள் அதன் அருகில் செல்லவே அஞ்சினான். அவனைத் தேற்றுவது முயலைப் பராமரிப்பதிலும் கடினமாக இருந்தது.

வெப்பமும் இலையானும்

2022 ஆம் ஆண்டு யூலை 19 ஆம் திகதி இங்கிலாந்தின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாகியது. இந்நாட்டில் அதற்கு முன்னர் அவ்வாறான வெப்பம் பதிவானதில்லை. இலண்டனும் அன்று கொதித்தது. யன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, முயலை வீட்டின் குளிர்ச்சியான மூலையில் விட்டிருந்தோம். தண்ணீர் வைத்தோம், உலர்புல் வைத்தோம், கீரை வைத்தோம். வெக்கையில் அதனைத் தூக்கி வருத்தக்கூடாதென்று எண்ணி, மூன்று நாட்களாகப் புரட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டோம். அதுவே நாம் செய்த தவறு.

மறுநாள் மாலை ஒருவிதமான துர்நாற்றத்தை முதலில் உணர்ந்தவர் எம்முடன் வாழும் அம்மா. முயலைத் துவாயில் எடுத்துப் புரட்டினோம். வாலின் கீழிருந்து வலது தொடை வரை உரோமம் நனைந்து ஒட்டியிருந்தது. அதனை விலக்கியபோது சிறுபிள்ளையின் உள்ளங்கை அளவில் புண். புண்ணினுள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. முயலோ ஒரு முனகலும் இன்றி எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று காலையும் அது சிறிது புல் தின்றதை நாம் கண்டிருந்தோம்.

"பிள்ளை, இது அப்புவுக்கு முதுகில வந்த புண் மாதிரியெல்லே கிடக்கு" என்றார் அம்மா. படுத்த படுக்கையாகக் கிடந்த தமது தந்தையாரை ஊரில் பல மாதங்கள் பராமரித்தவர் அவர். அவர் கூறியது சரியே. இது ஒருவகைப் படுக்கைப் புண்ணாகவே தொடங்கியிருந்தது.

இது எவ்வாறு நேர்கின்றது? முயல் இருவகை எச்சமிடும். ஒன்று நாமெல்லாம் காணும் உருண்டையான காய்ந்த எச்சம். மற்றையது மென்மையானது, சத்து நிறைந்தது. அதனை முயல் குனிந்து உடனேயே வாயால் எடுத்து உண்டுவிடும். அவ்வாறு உண்பது அதன் உடல்நலத்துக்கு அவசியமும்கூட. முதுகு பாதிக்கப்பட்ட முயலால் குனிய முடியாது. மென்மையான எச்சம் உரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். கட்டுப்பாடின்றிக் கசியும் சிறுநீரும் அதனுடன் சேரும். முயலின் தோல் மிக மெல்லியது. ஈரத்தில் வெந்து புண்ணாகும். அந்த மணத்துக்குப் பச்சை இலையான் வரும். ஒரே தடவையில் 200 வரையான முட்டைகளை அது இடக்கூடும். வெப்பமான நாளில் ஒருநாள் முடியுமுன்னரே முட்டைகள் பொரித்து, புழுக்கள் உயிருள்ள சதையைத் தின்னத் தொடங்கிவிடும்.

அன்றிரவு

மாடுகளின் புண்ணில் புழு வைத்தால் ஊரில் வேப்பெண்ணெய் பூசுவது வழக்கம். அம்மா போத்தலைத் தேடினார். எம்மில் ஒருவர், மகனின் காதுவலிக்குத் தந்து மீதமிருந்த அமொக்சிசிலின் மருந்தைக் கையில் எடுத்துவிட்டார். நல்லவேளையாக, அவசர மிருக வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்து முதலில் கேட்டோம். "எதையும் பூச வேண்டாம், எதையும் பருக்க வேண்டாம், குளிப்பாட்டவும் வேண்டாம்; கண்ணுக்குத் தெரியும் புழுக்களை மாத்திரம் சாமணத்தால் எடுத்துவிட்டு உடனே கொண்டுவாருங்கள்" என்றார் தாதி.

அதன் காரணத்தைப் பின்னர் அறிந்தபோது எமக்கு உடல் நடுங்கியது. மனிதருக்குச் சாதாரணமாகத் தரப்படும் அமொக்சிசிலினை வாய்வழி கொடுத்தால், முயலின் குடலில் வாழும் நன்மை தரும் கிருமிகள் அழிந்து, நச்சுக்கிருமிகள் பெருகி, அது இறந்துவிடக்கூடும். இரக்கத்துடன் எடுத்த மருந்தே அதன் உயிரைப் போக்கியிருக்கும்.

வைத்தியர் உரோமத்தை மழித்து, புண்ணைக் கழுவி, புழுக்களை ஒவ்வொன்றாக அகற்றினார். நோவுக்கும் கிருமிக்கும் ஊசி ஏற்றினார், சேலைனும் கொடுத்தார். பின்னர் எம்மை அழைத்து ஒளிவுமறைவின்றிப் பேசினார். புண் ஆழமானது, ஆனால் எலும்பையோ வயிற்றறையையோ எட்டவில்லை. ஊசியேற்றி அதனைத் துயிலச் செய்வதைத் தெரிவுசெய்தால் எவரும் குறைகூற முடியாது. முயன்று பார்ப்பதானால் பல வாரப் பராமரிப்புத் தேவைப்படும். "அது தானாக உண்ணத் தொடங்கினால் போராடலாம். இரண்டு நாட்களில் உண்ணாவிடில் அதனை மேலும் வருத்துவது நியாயமல்ல" என்றார்.

வீட்டில் கருத்து ஒன்றுபடவில்லை. "வாயில்லாச் சீவனை வதைக்காதேங்கோ" என்றார் அம்மா. மகள் அழுதாள். மகன் எதுவும் பேசாமல் கூண்டருகில் போய் அமர்ந்துகொண்டான். அவன் முகத்தைப் பார்த்த பின்னர் அந்த இரண்டு நாட்களையாவது கொடுப்பதென்று முடிவுசெய்தோம்.

முயலால் வாந்தியெடுக்க முடியாது. அதன் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டேயிருக்க வேண்டும். 12 மணித்தியாலம் உண்ணாமலிருந்தாலே அது அவசர நிலை. எனவே வைத்தியர் தந்த உணவுத்தூளை நீரில் குழைத்து, ஊசி கழற்றிய சிறிஞ்சினால் கடைவாயில் சிறிது சிறிதாக இரவு பகலாகப் பருக்கினோம். பாதி உள்ளே போயிற்று. பாதி எமது உடைகளில் வழிந்தது. முதல்நாள் அது தானாக எதையும் தொடவில்லை.

இரண்டாம் நாள் அதிகாலை. அம்மா சமையலுக்குக் கொத்தமல்லி இலை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு தண்டை எடுத்து முயலின் மூக்கருகே பிடித்தார். மூக்கு அசைந்தது. சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் இலையின் நுனி மெல்ல உள்ளே போயிற்று. "அம்மம்மா, தின்னுது! தின்னுது!" என்று மகன் போட்ட சத்தத்தில் வீடு முழுவதும் விழித்துக்கொண்டது. வதைக்க வேண்டாமென்று சொன்ன அம்மாவே அடுத்த தண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

ஆறு வாரப் பராமரிப்பு

அதன் பின்னர் நடந்தவற்றில் வியப்பு எதுவுமில்லை. ஒழுங்கு மாத்திரமே இருந்தது. காலையும் மாலையும், கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் புண்ணைக் கழுவினோம். வைத்தியர் தந்த, கிருமி நீக்கப்பட்ட மருத்துவத் தேனைப் பூசினோம். கடைத்தேன் இதற்கு உதவாது என்று அவர் எச்சரித்திருந்தார். முயலின் சீழ் நீர்போல் வடிவதில்லை. பாலாடைக்கட்டிபோல் தடித்து உள்ளேயே தங்கிவிடும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை வைத்தியரிடம் கொண்டுசென்று காட்டினோம்.

படுக்கைக்கு மென்கம்பளித் துணியும் அதன் கீழ் ஈரம் உறிஞ்சும் விரிப்பும் இட்டோம். நனைந்த உடனேயே மாற்றினோம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டுமென்று வகுத்தவர் அம்மா. அப்புவிடம் கற்ற வைத்தியம் அது. யன்னல்களுக்கு வலை அடித்தோம். புண்ணை நக்காதிருக்கக் கழுத்தில் பட்டை மாட்டியபோது, மென்மையான எச்சத்தை அது உண்ண முடியாமல் போயிற்று. அதனைப் பொறுக்கி வாயருகே வைத்தபோது உண்டது. எச்ச உருண்டைகளை எண்ணிக் கொப்பியில் குறிப்பது மகனின் பொறுப்பு. எண்ணிக்கை குறைந்தால் குடல் தளர்கின்றது என்று பொருள்.

மூன்றாம் வாரம் எண்ணிக்கை குறைந்தது. முயல் பற்களை நறநறவென்று கடித்தபடி கூனிக்குறுகி இருந்தது. கடும் நோவின் அடையாளம் அது. வைத்தியர் நோவுமருந்தின் அளவைக் கூட்டினார்; மறுநாள் மீண்டும் உண்டது. நோவு தீர்ந்தாலன்றி முயல் உண்ணாது, உண்டாலன்றிப் பிழைக்காது. மகன் எண்ணியிராவிடில் அந்த மாற்றத்தை நாம் மீண்டும் காணாமலே விட்டிருப்போம்.

நான்காம் வாரம் கருகிய தோல் கழன்று, அடியில் மாதுளம் முத்துகளைப்போல் புதிய சிவந்த சதை தெரிந்தது. விளிம்புகள் நாளுக்குநாள் உள்நோக்கி நெருங்கின. ஆறாம் வாரம் புண் மூடியது.

பெற்றோர் கவனத்துக்கு

முயல் ஏன் சத்தமிடுவதில்லை? அது பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர். நோயைக் காட்டும் முயலே காட்டில் முதலில் பிடிபடும். ஆகையால் இயன்றவரை மறைக்கும். அதன் முகத்தைப் பார்த்து நலத்தை அறிய முடியாது. உடலைப் பார்க்க வேண்டும். கோடையில் நாளுக்கு இருமுறையாவது அடிப்பாகத்தைப் பாருங்கள். ஊனமுற்ற, முதிய, பருத்த முயல்களுக்கு ஆபத்து அதிகம். இலையான் முட்டைகள் புழுவாகி வளராமல் தடுக்கும் மருந்து மிருக வைத்தியரிடம் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் தெள்ளுக்குப் பூசும் பிப்ரோனில் மருந்தை மட்டும் முயலுக்குப் பூசாதீர்கள், அது நஞ்சு.

பணத்துக்கு அஞ்சித் தாமதிக்கவும் வேண்டாம். அன்றிரவுக் கட்டணம் எமது ஒரு மாத உணவுச் செலவை விழுங்கியது. பீ.டி.எஸ்.ஏ. என்னும் தொண்டு நிறுவனத்தைப் பற்றி அதன் பின்னரே அறிந்தோம். 1917 இல் மரியா டிக்கின் என்னும் பெண்மணி, வைத்தியச் செலவுக்கு வழியற்ற ஏழைகளின் பிராணிகளுக்கென, எமது கிழக்கு இலண்டனின் வைற்சப்பலிலேயே நிலக்கீழ் அறையொன்றில் தொடங்கியது அது. அரச உதவிப்பணம் பெறும் குடும்பங்கள், வாழும் இடம் முதலிய நிபந்தனைகளுக்கு அமைய, அங்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ உதவி பெறலாம். தேவை வருமுன்னரே விசாரித்து வைப்பது நன்று. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 2006 ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டத்தின்படி, பிராணியை நோவிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது வளர்ப்பவரின் கடமை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பிராணிக்குப் பெற்றோரே பொறுப்பாளிகள். பிள்ளையின் முயல் என்று சொல்லி நாம் விலகிவிட முடியாது.

முத்து இன்றும் பின்னங்கால்களை இழுத்தபடி எமது வீட்டில் உலாவுகின்றது. புண் இருந்த இடத்தில் வெள்ளை உரோமம் வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் பாடசாலைக்குப் புறப்படுமுன்னர் மகன் ஒரு கையை அதன் பின்பாகத்தின் கீழ் வைத்துத் தூக்கி, மடியில் கிடத்தி, அடிப்பாகத்தைப் பார்க்கின்றான். "ஒண்டுமில்லை, அம்மம்மா" என்று அவன் குரல் கொடுத்த பின்னரே குசினியிலிருந்து கொத்தமல்லித் தண்டு வரும்.