தென்னையில் வெள்ளை ஈ: விஷ மருந்து வேண்டாம்

நம் வீட்டுத் தென்னை ஓலைகள் கரி பூசியதுபோல் கறுத்திருக்கின்றனவா? மேல் ஓலைகளின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிடும் வெள்ளை ஈக்களின் தேன் போன்ற கழிவு கீழ் ஓலைகளில் விழுந்து, அதில் கரும்பூசணம் படர்கிறது. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட பூச்சி இது.

விஷ மருந்து அடித்தால் ஈயின் குஞ்சுகளை அழிக்கும் 'என்கார்சியா' என்ற சிறு குளவியும் மடியும். ஈ மறுபடி பெருகும். அதனால், மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரங்களுக்கிடையே கட்டுவோம். ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவோம். லிட்டருக்கு 25 கிராம் மைதா கலந்து காய்ச்சிய பசையை ஆறவைத்துக் கறுத்த ஓலைகளில் தெளித்தால், அது காய்ந்து உதிரும்போது பூசணமும் உரிந்துவிடும்.

ஒரு வீட்டில் மருந்தடித்தாலும் பக்கத்து வீட்டுக் குளவிக்கும் ஆபத்துதான். மஹல்லாவில் எல்லோரும் சேர்ந்தே இதைச் செய்வோம்.