பழைய கம்ப்யூட்டரில் கடைக்கு ஒரு ரூட்டர்

பருப்பு, மல்லி, மிளகு என்று மொத்த வியாபாரம் செய்கிறவன் கம்ப்யூட்டர் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். நட்டப்பட்டவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

செட்டியார்பட்டியில் உள்ள என் கடையில் பில் போட இரண்டு கம்ப்யூட்டர், குடோனில் ஒன்று, கேமராப் பெட்டி ஒன்று. எல்லாமே இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவர்கள் மாட்டிய ஒரே சிறு பெட்டியில் ஓடின. அதன் வயர்லெஸ் பாஸ்வேர்டை லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர், ஆர்டர் எடுக்க வரும் பிரதிநிதி என்று கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தோம்.

ஒரு நாள் வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர், நான் வேறொருவருக்குப் போட்ட மிளகு விலையைப் பைசா சுத்தமாகச் சொல்லி, "எனக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி கிலோவுக்கு எட்டு ரூபாய் கூடுதல்?" என்றார். மொத்த வியாபாரத்தில் ஆளுக்கொரு விலை உண்டென்பது நமக்குள் தெரிந்ததுதான். ஆனால் அது வெளியே போனது எப்படி? தங்கை மகன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, உங்கள் விலைப்பட்டியலும் பற்றுக் கணக்கும் பூட்டே இல்லாமல் கிடக்கிறது" என்றான். குடோனில் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று பொதுவில் வைத்திருந்தோம். நம் வயர்லெஸ்ஸில் சேர்ந்த எந்த செல்போனிலும் அதைத் திறக்கலாமாம். அந்த வாடிக்கையாளர் அதன் பிறகு என் கடைப்படி ஏறவில்லை.

இதற்கு மருமகன் செய்து கொடுத்த ஏற்பாட்டைத்தான் சொல்ல வந்தேன். வெளியுலகுக்கு நம் கடை ஒரே முகவரி. உள்ளே பத்துச் சாதனங்கள். எது யார் கேட்ட தகவல் என்று குறித்து வைத்து, வந்ததை அவரவரிடம் சேர்ப்பது ரூட்டர். லாரி செட்டில் மூட்டையின் மார்க்கைப் பார்த்துப் பிரித்து அனுப்பும் குமாஸ்தாவைப் போல. அந்தக் குமாஸ்தாவுக்கு, "இன்னார் குடோனுக்குள் வரக்கூடாது" என்று உத்தரவும் போடலாம்.

மூலையில் கிடந்த பழைய 64 பிட் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்தோம். மெமரி 4 ஜிபி இருந்தது. அதில் ஏற்கனவே உள்ள நெட்வொர்க் வாயிலோடு இன்னும் இரண்டு கார்டுகள் சொருகி மூன்று வாயிலாக்கினோம். முதல் வாயில் இன்டர்நெட்டுக்கு, இரண்டாவது பில் கம்ப்யூட்டர்களுக்கும் கேமராவுக்கும், மூன்றாவது வயர்லெஸ்ஸுக்கு. இதில் ஏற்றியது ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச மென்பொருள். 2015 முதல் வழக்கத்தில் இருப்பது. ஏற்றும்போது ஹார்ட் டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். பழைய வருடக் கணக்கு இருந்தால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அரை நாள் வீணானது ஓர் எண்ணால். இந்த மென்பொருள் உள்பக்கத்துக்குத் தானாகவே 192.168.1.1 என்ற எண்ணை வைத்துக்கொள்ளும். இணைப்புக் கொடுத்தவர்களின் பெட்டியிலும் அநேகமாக அதே எண்தான் இருக்கும். இரண்டு தெருவுக்கு ஒரே பெயர் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? பில் பக்கத்தை 192.168.10.1 என்றும், வயர்லெஸ் பக்கத்தை 192.168.20.1 என்றும் மாற்றிய பிறகே ஓடியது.

மூன்றாவது வாயிலுக்கு ஆரம்பத்தில் எந்த அனுமதியும் இருக்காது. இரண்டு உத்தரவு எழுத வேண்டும். மேலே, பில் பக்கம் போகத் தடை. அதற்குக் கீழே, மற்ற எல்லா இடத்துக்கும் அனுமதி. மேலிருந்து கீழாகப் படித்து முதலில் பொருந்துவதையே ரூட்டர் கேட்கும் என்பதால், வரிசை மாறினால் தடை இருந்தும் பயனில்லை. மென்பொருளோடு வரும் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள். அது ஊருக்கே தெரிந்தது.

வயர்லெஸ்ஸுக்கென்று புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. வீட்டில் கிடந்த பழைய வைஃபை பெட்டியை மூன்றாவது வாயிலில் மாட்டினோம். அது தானாக எண் வழங்குவதை நிறுத்தி, கேபிளை அதன் லேன் துளையில் சொருக வேண்டும். இணைப்புக் கொடுத்தவர்களின் பெட்டியில் உள்ள வயர்லெஸ்ஸை அணைத்துவிட வேண்டும். கடைசியில் என் செல்போனிலிருந்தே விலைப்பட்டியலைத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. மனம் குளிர்ந்தது.

குடோனுக்குக் கேபிள்தான் நல்லது. ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் வேண்டாம். எலி கடிக்காமல் பைப்புக்குள் விடுங்கள்.

இது பொழுதுபோக்கு வேலை என்று நினைக்க வேண்டாம். நமக்கு அடுத்த மாவட்டமான தேனியில், அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் மையங்களோடு இணைக்க, 2006 வாக்கில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் இப்படித்தான் செய்தார்கள். சிறு கம்ப்யூட்டர் போர்டு, சாதாரண வைஃபை கார்டு, இலவச லினக்ஸ், திசை பார்த்துக் கட்டிய ஆன்டெனா. பல கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நோயாளியோடு டாக்டர் திரையில் பேசினார். இந்த அனுபவத்தை 2008-ல் எழுதியபோது, கருவிகள் பழுதானதற்குப் பெரும் காரணம் மோசமான மின்சாரமே என்றார்கள்.

ஆகவே ரூட்டர், வைஃபை பெட்டி, இணைப்புப் பெட்டி மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். மின்சாரம் போய் வந்தால் தானாக எழும்படி கம்ப்யூட்டரின் பயாஸில் அமைத்துவிட்டால், காலையில் கடை திறப்பவர் எதையும் தட்ட வேண்டியதில்லை. ஒரு குறையும் உண்டு. பழைய கம்ப்யூட்டர் 50 வாட் இழுத்தால், இரவு பகல் ஓடி மாதம் 36 யூனிட் ஆகும். அது கட்டுப்படியாகாதென்றால், பத்துப் பதினைந்து வாட்டில் ஓடும் சிறிய மினி கம்ப்யூட்டர்கள் பழையதாகவே கிடைக்கின்றன. வாங்குமுன் பின்புறம் எத்தனை நெட்வொர்க் துளை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.