நீரிழிவுப் பூனையின் உணவு மாற்றமும் வயிற்றுக் கோளாறும்: ஆபத்துகள், உரிமைகள், பரிகாரங்கள்

இலங்கையின் மலையக மக்கள் பேச்சில் ‘சீனி வருத்தம்’ என்று குறிப்பிடும் நீரிழிவு, வீட்டுப் பூனைகளுக்கும் வருவதுண்டு. கணையம் சுரக்கும் இன்சுலின், அதாவது இரத்தத்திலுள்ள குளுக்கோசை உடற்கலங்கள் ஏற்கச் செய்யும் ஓமோன், போதாமற் போவதாலும் அதற்கு உடல் இணங்க மறுப்பதாலும் உண்டாகும் இந்நோய், நடுவயதைக் கடந்த, உடல் பருத்த, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளையே அதிகம் தாக்குகிறது.

பூனை இறைச்சியை இயற்கை உணவாகக் கொண்ட விலங்கு. அதன் உமிழ்நீரில் மாப்பொருளைச் செரிக்கும் அமைலேசு நொதியம் இல்லை. எனவே புரதம் மிகுந்த, காபோவைதரேற்று குறைந்த உணவு இன்சுலினோடு சேர்ந்த முக்கிய சிகிச்சையாகக் கருதப்படுகிறது. நோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்ட பூனைகளுள் சில, இவ்விரண்டின் துணையால் இன்சுலின் தேவைப்படாத தணிவு நிலையை அடைகின்றன. மலையக ஊரான புசல்லாவையின் தோட்ட லயன் வீடுகளிலும் கடைத்தெருவிலும் சோற்றில் நெத்தலிக் கருவாட்டைப் பிசைந்து உண்டு பழகிய பூனைக்கு இம்மாற்றம் பெரியது. திடீரெனச் செய்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் ஏற்படலாம்.

நலமான பூனைக்குச் சிறு தொல்லையாகக் கழியும் இக்கோளாறு, இன்சுலின் பெறும் பூனைக்கு உயிராபத்தாக மாறக்கூடும். உண்ட உணவு வாந்தியாக வெளியேறிய பின்னரும் வழமையான அளவு இன்சுலின் ஏற்றப்பட்டால் இரத்தச் சீனி அபாயகரமாகத் தாழக்கூடும்; வயிறு சரியாகவே இருந்தாலும், புதிய உணவில் மாப்பொருள் குறைந்திருப்பதனால் பழைய அளவு இன்சுலினே மிகையாகிவிடக்கூடும். மறுபுறம், இரண்டு மூன்று நாட்கள் உண்ணாதிருக்கும் பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்புப் படியும் கொடிய நோய் உண்டாகலாம் என்பதால், ‘பசித்தால் தானே தின்னும்’ என்று பட்டினி போடுவது எவ்வகையிலும் தகாது.

ஆதலால் உணவை மாற்றும் முன்னரே மிருக வைத்தியரிடம் இன்சுலின் அளவைப் பற்றிக் கேட்டறிவது முதற்படியாகும். பின்னர் பழைய உணவில் காற்பங்கைக் குறைத்துப் புதியதைச் சேர்த்து, மலம் இறுகியிருப்பதைக் கண்டபின் அரைப்பங்கு, முக்காற்பங்கு என ஏழு முதல் பத்து நாட்களில் மாற்றலாம். மலம் இளகினால் முந்திய விகிதத்துக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு நாளும் உண்ட அளவு, குடித்த நீர், ஏற்றிய இன்சுலின் ஆகியவற்றைக் கொப்பியில் குறித்து வருவது வைத்தியருக்குப் பேருதவியாகும்.

வயிற்றோட்டத்துக்கு அரிசிக் கஞ்சி கொடுக்கும் நம் வீட்டு வழக்கம் இங்கே பொருந்தாது. நாம் நீக்க முயலும் மாப்பொருளையே அது மீண்டும் ஊட்டுகிறது. பாலிலுள்ள லக்டோசு வளர்ந்த பூனைகள் பலவற்றின் வயிற்றோட்டத்தைக் கூட்டும். நீரிழப்புக்குக் கொடுக்கும் ஜீவனிக் கரைசலில் குளுக்கோசு இருப்பதால் வைத்தியர் சொல்லாமல் அதைக் கொடுக்கலாகாது. தோலும் எலும்பும் வெங்காயமும் பூண்டும் உப்பும் சேராமல் அவித்த கோழி இறைச்சியைச் சில நாட்களுக்கு மட்டும் சிறிது சிறிதாகத் தரலாமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். ‘பனடோல்’ என்று பொதுவாக அழைக்கப்படும் பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. மனிதருக்கான வயிற்றோட்ட மாத்திரைகளும் விலக்கத்தக்கவை.

பூனை தள்ளாடினாலோ வலிப்புக் கண்டாலோ அது சீனி தாழ்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம்; அப்போது ஈறில் சிறிது தேனைத் தடவியவாறே வைத்தியரிடம் விரைய வேண்டும், மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. தொடர் வாந்தி, உண்ண மறுத்தல், சோர்வு, மூச்சில் மாற்றம் ஆகியவை கணைய அழற்சியையோ, கொழுப்பு சிதைந்து இரத்தம் அமிலமாகும் கீற்றோன் நிலையையோ குறிக்கலாம். அத்தருணத்தில் இன்சுலினைத் தாமாகவே நிறுத்துவதும் முழு அளவில் ஏற்றுவதும் இரண்டுமே ஆபத்தானவை. உடனடியாக வைத்தியரைத் தொடர்புகொள்வதே வழி. புசல்லாவையிலிருந்து கம்பளை வழியாகச் செல்லும் ஏ-5 வீதி, பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் அமைந்துள்ள பேராதனைக்கு இட்டுச் செல்கிறது. அரச கால்நடை வைத்திய அலுவலகங்களும் முதல் ஆலோசனைக்கு உரிய இடங்களாகும். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்வது இங்குள்ள தமிழரின் உரிமை என்பதால், மருந்தளவு விளங்காவிடின் தமிழில் விளக்கம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

உணவுப் பொதியின் விவரச்சீட்டை வாசிப்பதும் தற்காப்பே. புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரம் ஆகியவற்றின் வீதங்களைக் கூட்டி 100 இலிருந்து கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழக் காபோவைதரேற்றின் வீதமாகும்: 30, 10, 4, 8, 10 எனக் குறித்த உலருணவில் அது 38. காலாவதியான அல்லது விவரம் பொய்யான பொருளை வாங்கியவர், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடலாம். 1977 என்னும் இலக்கத்திலும் அழைக்கலாம். இதற்குப் பற்றுச்சீட்டையும் பொதியையும் பத்திரப்படுத்துவது அவசியம். உணவும் இன்சுலினும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை மனத்திற் கொண்டு, ஒன்றை மாற்றும்போதெல்லாம் மற்றதையும் வைத்தியரோடு சேர்ந்து மீளாய்வு செய்யும் வளர்ப்பாளர், வாய்பேசாத உயிருக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்தவராவார்.