தண்டவாளத்தில் உருண்ட பந்து

உதைபந்தாட்டக் கழகம் என்றதும் நம் நினைவில் எழுவது பெரும்பாலும் ஓர் ஊரின் பெயரே. மான்செஸ்டர் என்கிறோம்; பார்சலோனா என்கிறோம். ஊரார் கூடினர், கழகம் பிறந்தது என்று எண்ணிக்கொள்ளுகிறோம். கொரியாவிலோ கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் வேறொரு வழக்கம் நிலவியது. அங்கே கழகங்கள் பல அலுவலகங்களிற் பிறந்தன. வங்கிக்கு ஓர் அணி. மின்சார நிறுவனத்துக்கு ஓர் அணி. புகையிரதப் பகுதிக்கு ஓர் அணி. தொழிற்றுறை உதைபந்தாட்டம் என்று பொருள்படும் ஒரு பெயரையே கொரியர் இதற்கு இட்டு வழங்கினர். இவ்வழக்கத்தின் நன்மையையும் தீமையையும் ஒருங்கே காணவேண்டுமாயின், புகையிரத அணியின் கதையைக் கேட்பதே தகும்.

இன்று தேஜொன் கோரெயில் என வழங்கும் அக்கழகம், தன் தோற்றத்தை 1943 ஆம் ஆண்டுக்குக் கொண்டு செல்கிறது. அக்காலை கொரியா யப்பானியர் ஆட்சியில் இருந்தது. 1945 இல் அந்நிய ஆட்சி நீங்கிற்று, நாடு இரண்டாயிற்று, 1950 முதல் 1953 வரை போர் மூண்டு நகரங்களைச் சாம்பராக்கிற்று. புகையிரதப் பகுதியும் பல முறை பெயரையும் தலைமையையும் மாற்றிக்கொண்டது. அந்நியர் நடத்திய நிறுவனம் குடியரசின் திணைக்களமாயிற்று. அத்திணைக்களம் 2005 ஆம் ஆண்டு தை மாதம் முதல் நாளன்று அரசுக்குச் சொந்தமான கூட்டுத்தாபனமாயிற்று. இத்தனை மாற்றங்களிடையேயும் பந்து மட்டும் உருண்டுகொண்டே இருந்தது. கொரியாவில் இன்றுள்ள அணிகளுள் மிகப் பழையது இதுவே என்று சொல்லும் வழக்கம் இதனால் வந்தது.

அலுவலக அணி என்றால் என்ன? பழைய ஏற்பாட்டின்படி ஆட்டக்காரன் ஒருவன் அந்நிறுவனத்தின் ஊழியனே. மைதானத்தில் அவன் உழைப்பும் நிறுவனத்தின் வேலையாகவே கொள்ளப்படும். கால்கள் தளர்ந்தபின் மேசையும் நாற்காலியும் காத்திருக்கும். விளையாட்டு என்பது இளமையோடு முடிவது. வயிறு முதுமையிலும் கூட வருவது. இவ்விரண்டுக்கும் இடையே அமைந்த பாலம் அவ்வேற்பாடு. பிள்ளை பந்தின் பின்னே ஓடுகிறானே என்று ஏங்கும் பெற்றோருக்கு அது எத்துணை ஆறுதல் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

1983 ஆம் ஆண்டு காலம் மாறியது. முழுநேரத் தொழில் ஆட்டத்துக்கான முதற் சங்கப் போட்டி தென்கொரியாவில் அவ்வாண்டு தொடங்கியது. ஐந்து அணிகள் ஆடின. அவற்றுள் இரண்டே தொழில்முறை அணிகள். எஞ்சிய மூன்றும் நிறுவன அணிகள். கூக்மின் வங்கியின் அணியும் அவற்றுள் ஒன்று. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பணமும் புகழும் தொழில்முறைக் கழகங்களைச் சென்றடைந்தன. சிறந்த இளைஞர் அங்கே போயினர். அவ்வாசலில் இடம்பெறாதோரும், இடம்பெற்றுத் திருப்பி அனுப்பப்பட்டோரும் அலுவலக அணிகளை நாடினர். 2003 இல் இவ்வணிகளுக்கெனத் தனிச் சங்கப் போட்டி ஏற்பட்டது. அதிற் புகையிரத அணி 2005 இலும் 2012 இலும் முதன்மை பெற்றது.

இங்கேதான் அலுவலக அணியின் மறுபக்கம் தெரிகிறது. 2006 இல் அப்போட்டியில் முதன்மை பெற்றது கோயாங் நகரில் இருந்த வங்கி அணி. வென்றவர் தொழில்முறைச் சங்கத்துக்கு ஏறலாம் என்று கதவு திறந்திருந்தது. வங்கி ஏற மறுத்துவிட்டது. வங்கியொன்று வேறு இலாபத் தொழில் நடத்தச் சட்டம் இடந்தராது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மறு ஆண்டு வென்ற உல்சான் கப்பற்றுறை நிறுவனத்தின் அணியும் அவ்வாறே மறுத்தது. மைதானத்தில் வென்றவர் ஆட்டக்காரர். வேண்டாம் என்றவர் மேசைக்குப் பின்னால் இருந்தவர். வெற்றியின் பயன் வென்றவனுக்கு இல்லையெனில் அவன் வியர்வைக்கு விலை ஏது?

பின்னர் நிகழ்ந்தது இன்னும் கொடிது. வங்கி அணி 2012 ஆம் ஆண்டோடு கலைக்கப்பட்டது. கப்பல் கட்டும் தொழில் நலிவுற்ற வேளையில், 2016 ஆம் ஆண்டோடு கப்பற்றுறை அணியும் மறைந்தது. பல முறை முதன்மை பெற்ற அணிகள் அவை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டது; கழகம் இல்லாமற் போயிற்று.

புகையிரத அணிக்கு அக்கதி நேரவில்லை. எனினும் அதுவும் உரிமையாளர் சொற்படி நடந்ததே. இஞ்சொன் நகரின் பெயரைத் தாங்கி ஆடிய அணி, 2014 இல் கூட்டுத்தாபனத்தின் தலைமையகம் இருக்கும் தேஜொன் நகருக்குப் பெயர்ந்தது. எழுதுவினைஞர் ஒருவர் இடமாற்றம் பெற்று மூட்டையைக் கட்டுவதுபோல ஒரு கழகமே ஊர் மாறியது. எனினும் அவ்வூர் பொருத்தமற்றதன்று. 1905 இல் சியோலையும் பூசானையும் இணைத்த இருப்புப்பாதை அவ்வழியே சென்றமையாலேயே சிற்றூராக இருந்த தேஜொன் நகராக வளர்ந்தது. புகையிரதம் பெற்ற பிள்ளை அவ்வூர் எனலாம்.

அவ்வூரிலிருந்துதான் 2019 ஆம் ஆண்டின் வியப்பு எழுந்தது. நாட்டின் எல்லாத் தரத்து அணிகளும் மோதும் கிண்ணச் சுற்றுப்போட்டியில், மூன்றாந்தரத்தில் இருந்த இப்புகையிரத அணி உல்சானின் பெரும் தொழில்முறைக் கழகத்தை இரண்டு கோல்களால் வீழ்த்தியது. அவ்வாண்டு முதற்றரச் சங்கத்தில் இறுதி நாள் வரை முதன்மைக்குப் போராடிய கழகம் அது. பின்னர் காங்வொனும் வீழ்ந்தது. அரையிறுதியில், கட்டாயப் படைச்சேவையில் இருக்கும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆடும் சாங்ஜு அணியைத் தண்ட உதைகளில் வென்று இறுதியாட்டத்தை அடைந்தது. அலுவலக அணியொன்று அவ்விறுதியைக் கண்டது 2005 க்குப் பின் அதுவே முதல்.

கார்த்திகை மாதம் நெருங்கிய அவ்விலையுதிர் காலத்தில், நவம்பர் 6 ஆம் நாள் தேஜொனில் முதலாட்டம். எதிர்த்து நின்றது முன்னரே நான்கு முறை கிண்ணம் வென்ற சூவொன் சாம்சுங் கழகம். கோல் எதுவுமின்றி ஆட்டம் சமனாயிற்று. நான்கு நாட்களின்பின் சூவொனில் நடந்த மறு ஆட்டத்தில் உண்மை தன் முகத்தைக் காட்டியது. நான்கு கோல்கள், மறுமொழி இல்லை. கிண்ணம் சூவொனுக்குப் போயிற்று.

தோல்விதான். ஆயினும் அவ்வணியை வழிநடத்திய கிம் சுங்-ஹீ என்பவரை நோக்குவோம். அவர் பயிற்சியாளராவதற்கு முன் அதே புகையிரத அணியின் ஆட்டக்காரர். ஒரே கழகத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். 2025 இல் கொரிய உதைபந்தாட்டச் சங்கம் தன் உயர்ந்த நிருவாகப் பொறுப்பொன்றுக்கு அவரை அழைத்தது. கழகந் தாவிப் பொருள் தேடும் உலகில் இத்தகைய ஒரு வாழ்வு எவ்வாறு அமைந்தது? நாளைய சோற்றுக்கு அஞ்சாது ஒருவனை ஒரே இடத்தில் வேரூன்ற விட்டமையாலன்றோ?

2019 உடன் பழைய அலுவலகச் சங்கப் போட்டி முடிவுற்றது. 2020 இல் அமைந்த புதிய மூன்றாந்தரச் சங்கத்திற் புகையிரத அணி நகர மக்களின் கழகங்களோடு கலந்து நின்றது. பூசான் நகரின் போக்குவரத்துக் கூட்டுத்தாபனமும் தன் அணியை அங்கே அனுப்பியது.

நிறுவனம் தரும் நிழல் நல்ல நிழலே. அதன்கீழ் இளைஞர் பலர் இளைப்பாறினர்; சிலர் வாழ்ந்தே முடித்தனர். ஆனால் மரம் வேறொருவர் தோட்டத்தில் நிற்கிறது. வெட்டலாமா வேண்டாமா என்று நிழலில் இருப்பவனை எவரும் கேட்பதில்லை. கோயாங்கிலும் உல்சானிலும் கேட்கவில்லை. தேஜொனில் மரம் நிலைத்தது நற்பேறு. அந்நற்பேற்றை உரிமையாக்குவது எவ்வாறு என்பதே கொரியரின் பழைய அணி விளையாட்டுலகின்முன் வைத்திருக்கும் கேள்வி.