உங்களுக்குத் தெரியுமா? பழைய டிரம் செட்டுக்குப் புதுத் தோல்

லுட்விக், கிரெட்ச், ஸ்லிங்கர்லேண்ட், ரோஜர்ஸ் என்று 1950, 60-களில் வந்த டிரம் செட்டுகளை இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். அவற்றின் மரக்கூடு அறுபது வருடம் கடந்தும் உறுதியாக நிற்கிறது. அதன் மேல் பூட்டும் ஹெட் என்கிற தோல் அப்படி நிற்காது. அடிபட்டுத் தேய்ந்து, குழிவிழுந்து, ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும். கூட்டுக்கு ஏற்ற தோலைத் தேட வேண்டுமே ஒழிய, தோலுக்காகக் கூட்டில் கைவைக்கக் கூடாது. கீழே வரும் தகவல்கள் பலவும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியவைதான்.

●

தோல் என்று பழக்கத்தில் சொல்கிறோம், இன்று அது பிளாஸ்டிக். 1950-களின் நடுப்பகுதி வரை டிரம் செட் முழுக்கக் கன்றுத்தோல்தான். மைலார் என்ற பாலியெஸ்டர் படலம் வந்ததும் நிலைமை மாறியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சிக் எவன்ஸ் 1956-ல் மைலார் ஹெட் செய்தார். ஹாலிவுட்டில் டிரம் கடை வைத்திருந்த ரெமோ பெல்லி 1957-ல் 'வெதர் கிங்' என்ற பெயரில் தன் ஹெட்டைக் கொண்டுவந்தார். இருவருமே டிரம் வாசித்தவர்கள். இருவர் பெயரிலும் இன்றுவரை ஹெட் விற்கிறது.

●

கன்றுத்தோல் காலத்தில் பேஸ் டிரம்முக்குள் மின்விளக்கு எரிந்தது! 1920-களில் பல வாத்தியக்காரர்கள் உள்ளே பல்பு மாட்டினார்கள். முன்பக்கத் தோலில் தீட்டிய ஓவியம் அந்த வெளிச்சத்தில் அழகாகத் தெரியும் என்பது ஒரு காரணம். பல்பின் சூடு தோலை ஈரமில்லாமல் வைக்கும் என்பது இன்னொன்று. காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், வறண்டால் இறுகி ஏறும். மிருதங்கக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

●

பழைய செட்டுக்குப் புது ஹெட் வாங்கினால் சில சமயம் உள்ளே இறங்கவே மறுக்கிறதே, ஏன்?

14 அங்குலம் என்று எழுதியிருக்கிறது, கூடும் 14 அங்குலம்தான். ஆனாலும் பிடிக்கிறது. விடை கன்றுத்தோல் காலத்தில் இருக்கிறது. அப்போது தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, மர வளையம் ஒன்றில் சுற்றிச் செருகி, ஈரத்தோடு கூட்டின் மேல் பூட்டிக் காயவிடுவார்கள். காயும்போது அது அந்தக் கூட்டின் வடிவத்துக்கே படிந்துவிடும். கூடு கொஞ்சம் பெரிதாக இருந்தாலும், லேசாகக் கோணியிருந்தாலும் தோல் அனுசரித்துப் போகும். அதனால் ஆலைகள் கூட்டைச் சொன்ன அளவுக்கு முழுசாகவோ, மயிரிழை கூடுதலாகவோ செய்தன. மேலே ஒட்டிய முத்துப் பளபளப்பு பிளாஸ்டிக் உறையின் தடிமனும் அதோடு சேர்ந்தது. உறையின் இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இடத்தில் தடிமன் இரட்டிப்பு.

மைலார் ஹெட்டின் அலுமினிய வளையம் யாருக்காகவும் விரியாது. மைலார் வந்தபிறகும் ஆலைகள் தங்கள் பழைய அச்சுகளை உடனே மாற்றிவிடவில்லை. ஆகவே 1960-களின் செட்டுகளிலும் இந்த இறுக்கம் இருக்கிறது. ஹெட் கூட்டின் மேல் தானாக இறங்க வேண்டும், விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். அழுத்தி இறக்க வேண்டியிருந்தால் அந்த ஹெட் அந்த டிரம்முக்கு உரியதல்ல. எவ்வளவு முறுக்கினாலும் சுருதி ஒரு பக்கம் நிற்கும், மறுபக்கம் ஓடும்.

●

இப்படி இறுகும் பழைய கூடுகளுக்கென்றே ஹெட் கிடைக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரெமோவின் 'கிளாசிக் ஃபிட்', அக்வேரியனின் 'அமெரிக்கன் வின்டேஜ்' இரண்டும் சற்றே பெரிதான பழைய கூடுகளின் மேல் இறங்கும்படி செய்தவை. பழைய செட் வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டிய பெயர்கள் இவை.

●

அளப்பது எதை? மேலே இருக்கும் இரும்பு ரிம்மை அல்ல. ரிம், பழைய ஹெட் இரண்டையும் கழற்றிவிட்டு, கூட்டின் வெளிவிட்டத்தை உறையோடு சேர்த்து அளக்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்தால் போதாது. கடிகாரத்தில் 12-க்கும் 6-க்கும் இடையே, பிறகு 3-க்கும் 9-க்கும் இடையே, பிறகு குறுக்காக. எண்கள் வேறுபட்டால் கூடு வட்டம் தவறியிருக்கிறது.

●

இங்கிலாந்தின் பிரீமியர் டிரம்களில் இன்னொரு சிக்கல். 1960-களின் பிற்பகுதி வரை அந்த ஆலை சில டாம்களைத் தன் சொந்த அளவில் செய்தது. இன்றைய பொது அளவைவிட அவை கொஞ்சம் பெரியவை. கடையில் கிடைக்கும் ஹெட் அவற்றுக்குப் பொருந்தாது. பழைய பிரீமியர் அளவு என்று சொல்லித் தனியாக வரவழைக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பிரீமியர் வாங்குமுன் டேப்பைக் கையில் எடுங்கள்.

●

ஹெட் இறங்கவில்லை என்றால் சிலர் கூட்டின் விளிம்பைச் சீவுகிறார்கள், உறையை உரிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அறுபது வருடம் தப்பிப் பிழைத்த விளிம்பை ஒருமுறை அறுத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

அந்த விளிம்பில்தான் அந்தக் காலத்து நாதம் இருக்கிறது. இன்றைய டிரம்களில் விளிம்பைப் பெரும்பாலும் 45 பாகைச் சரிவில் கூராகச் சீவுகிறார்கள். தோல் கோடுபோல் ஓர் இடத்தில் மட்டும் படும், கூர்மையாகவும் நீளமாகவும் ஒலிக்கும். பழைய கூடுகள் பலவற்றில் விளிம்பு உருண்டையாக இருக்கும். தோல் அகலமாகப் படிந்து, மரத்தின் மேல் சாய்ந்து, ஒலி குறுகி, வெதுவெதுப்பாக அடங்கும். உருண்டை விளிம்பு ஏற்கனவே ஒலியை அடக்குகிறது. அதன் மேல் ஒலியடக்கும் தடித்த ஹெட்டையும் பூட்டினால் மிஞ்சுவது அட்டைப்பெட்டியைத் தட்டும் சத்தம்.

●

ஹெட்டின் தடிமனை 'மில்' என்று சொல்வார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீட்டர். ரெமோவின் அம்பாசடர், எவன்ஸின் ஜி1 இரண்டும் ஒற்றைப் படலம், 10 மில். டிப்ளமேட் இன்னும் மெல்லியது, 7.5 மில். எம்பரர், ஜி2 இரண்டும் இரட்டைப் படலம், 7-ம் 7-ம் சேர்ந்து 14.

இந்த எண்களுக்குப் பின்னால் பழைய செட்டின் ஆயுள் இருக்கிறது. தோலின் சுருதி இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு இறுக்கம், எவ்வளவு எடை. எடை கூடினால் அதே சுருதியைப் பிடிக்க இறுக்கமும் அதே விகிதத்தில் கூட வேண்டும். 10 மில் ஹெட்டில் கிடைக்கும் சுருதியை 14 மில் ஹெட்டில் கொண்டுவர ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் இறுக்கம் தேவை. அந்தப் பாரம் முழுவதும் எங்கே போய் விழும்? முறுக்கும் டென்ஷன் ராடு வழியாக, அதைப் பிடித்திருக்கும் லக் என்ற உலோகத் தாங்கியின் மேல், லக் வழியாகக் கூட்டின் மேல். ரோஜர்ஸ் 1960-களின் முற்பகுதி வரை போட்ட 'பிரெட் அண்ட் பட்டர்' லக்குகள் விரிசல் விடுவதற்குப் பெயர்போனவை. கூடும் அந்தக் கால லுட்விக்கில் மூன்றே அடுக்கு மரம், உள்ளே பக்கத்துக்கொரு மேப்பிள் வளையம். மெல்லிய ஹெட்டைப் பூட்டி நிதானமாகச் சுருதி சேர்ப்பது நாதத்துக்கும் நல்லது, உலோகத்துக்கும் நல்லது. சந்தேகம் வந்தால் ஒற்றைப் படலம், 10 மில், வெள்ளைப் பூச்சு. பெரும்பாலான பழைய செட்டுகளுக்கு என் பதில் இதுதான்.

●

அப்படியானால் ஜான் பான்ஹம்? லெட் செப்பலினின் அந்த இடி முழக்கக்காரர் தன் லுட்விக்கில் இரட்டைப் படல எம்பரரைத்தான் பூட்டினார். உண்மை. ஆனால் அவர் வாசித்தபோது அது புத்தம்புது செட். அவர் கைவீச்சுக்கு மெல்லிய தோல் தாங்கியிருக்காது. உங்கள் கையும் அவ்வளவு கனமென்றால் எம்பரர் நியாயம்தான்.

●

ஹெட்டின் மேல் அந்த வெள்ளைச் சொரசொரப்புப் பூச்சு எதற்கு? கன்றுத்தோலின் மேற்பரப்பைப் போலத் தோன்றவும், பிரஷ் வாசிப்புக்குப் பிடிமானம் தரவும். ஜாஸ் கலைஞர்கள் கம்பிப் பிரஷ்ஷால் ஸ்நேரைத் தேய்த்து வாசிப்பார்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் அந்த உரசல் ஒலியே வராது. கண்ணாடிபோன்ற ஹெட் தேவைப்படும் பழைய செட்டும் உண்டு: லுட்விக் 1970-களில் வெளியிட்ட விஸ்டலைட். அதன் கூடே ஒளி ஊடுருவும் அக்ரிலிக்.

●

கன்றுத்தோல் நிறத்தையும் ஒலியையும் விரும்புகிறவர்களுக்கு ரெமோவில் 'ஃபைபர்ஸ்கின்', எவன்ஸில் 'காஃப்டோன்' என்று பிளாஸ்டிக்கிலேயே வகைகள் வந்திருக்கின்றன. 1930, 40-களின் செட்டுக்கு இவை அழகாகப் பொருந்தும். ஒலி இருண்டு, மிருதுவாக இருக்கும்.

●

பீட்டில்ஸின் 'அபே ரோட்' இசைத்தட்டில் டாம்கள் அப்படி உருண்டு ஒலிப்பதற்குக் காரணம் கன்றுத்தோல். மைலார் வந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்ட 1969-ல், அவர்களின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் தன் டாம்களில் கன்றுத்தோல் பூட்டியிருந்தார். அந்த ஒலி பிடித்துப்போய்த்தான் டாம்களை அவ்வளவு பயன்படுத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

●

அடிக்கும் தோலை மட்டும் மாற்றிவிட்டுக் கீழ்த்தோலை மறந்துவிடுகிறோம். சுருதியில் பாதி கீழ்த்தோலின் வேலை. மேலே அடித்ததும் உள்ளிருக்கும் காற்று கீழ்த்தோலைத் தள்ளுகிறது, அது திருப்பித் தள்ளுகிறது. முப்பது வருடம் மாற்றாத கீழ்த்தோல் உயிரில்லாமல் தொங்கினால், மேலே எவ்வளவு விலை உயர்ந்த ஹெட் போட்டும் பயன் இல்லை.

ஸ்நேரின் கீழ்த்தோல் தனி வகை, 2 அல்லது 3 மில்தான். டாம் ஹெட்டை அங்கே பூட்டினால் ஸ்நேர் கம்பிகள் பேசாது. கன்றுத்தோல் காலத்து ஸ்நேர்களில் கம்பி படியும் இடத்தில் விளிம்பை ஆழமாகவும் அகலமாகவும் குடைந்திருப்பார்கள். மைலார் அந்தப் பள்ளத்தில் சுருங்கும். சுருக்கத்தைப் பார்த்துப் பயந்து விளிம்பை நிரவிவிடாதீர்கள். கம்பியின் இரு முனைகளுக்கு அருகிலுள்ள ராடுகளைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகும்.

●

1930-களின் நடுப்பகுதி வரை டாமின் கீழ்த்தோலை ஆணி அடித்துத்தான் பொருத்தினார்கள், சுருதி சேர்க்க வழியே இல்லை. இரண்டு பக்கமும் முறுக்கும் டாம் வேண்டும் என்று கேட்டு ஸ்லிங்கர்லேண்டைச் செய்யவைத்தவர் ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ருப்பா. ஆணி அடித்த தோலோடு ஒரு டாம் கிடைத்தால் அதைப் பிடுங்காதீர்கள். மேல்தோலை மட்டும் மாற்றி வாசியுங்கள்.

●

டிரம்மில் ஏன் ஸ்வரம் தெளிவாக விழுவதில்லை? சாதாரண வட்டத்தோலின் மேலோசைகள் அடிப்படைச் சுருதியைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வருகின்றன. நம் மிருதங்கத்திலும் தபலாவிலும் மட்டும் அவை 2, 3, 4 என்று ஒழுங்கில் நிற்பதை சி.வி. ராமன், எஸ். குமாரோடு சேர்ந்து 1920-ல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். நடுவில் ஏற்றும் கறுப்பு மருந்தின் எடைதான் காரணம். டிரம் செட் ஹெட்டிலும் நடுவில் கறுப்புப் புள்ளி ஒட்டிய வகை உண்டு. அது தோல் தேயாமலிருக்கவும் மேலோசையைக் குறைக்கவும் மட்டும். ஸ்வரம் சேர்க்காது.

●

ஹெட்டைக் கழற்றியதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பல பழைய லுட்விக் கூடுகளில் செய்த தேதி சிவப்பு மையில் முத்திரையிட்டிருக்கும். கிரெட்ச் என்றால் உட்புறம் வெள்ளிநிறப் பூச்சு, பல கூடுகளில் காகித லேபிள். கழற்றிய ஹெட்டில் பழைய ஆலையின் முத்திரை இருந்தால் குப்பையில் போட வேண்டாம், செட்டின் வயதுக்கு அதுவும் சாட்சி.

●

பேஸ் டிரம்மின் முன்பக்கத் தோலில் மைக் வைக்க ஓட்டை போடுகிறவர்கள், பழைய லோகோ உள்ள தோலைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டுப் புதிதில் போடட்டும். 1964 பிப்ரவரியில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பெயர் தாங்கி நின்ற முன்தோல் 2015 நவம்பரில் 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அடுத்த மாதம் வேறோர் ஏலத்தில் ரிங்கோவின் லுட்விக் செட் ஒன்றும் விற்றது. அதற்கும் ஏறத்தாழ அதே விலைதான். இரண்டையும் வாங்கியவர் ஒருவரே: அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜிம் இர்சே.